‘உலைப்பரணி’ நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘உலைப்பரணி’யின் முதற்பாகம் கைக்குக் கை மாறத் தொடங்கியபின் வாசகர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு நீட்டி முழக்காமல் முடியாது. ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் கதை முடிவு தெரியவராது, பயமில்லாமல் வாசிக்கலாம்.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முகத்துறை என்றொரு துறைமுக நகரம். மந்திரம் ஓதி வெப்பத்தை இடம் மாற்றத் தெரிந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஓதுநர் என்று பெயர். வெயில் கொளுத்துகிற நாட்டில் அவர்களுக்கு அப்படியொன்றும் மதிப்பில்லை: நெல் அவிப்பார்கள், கடலில் நனைந்து விறைத்து வந்தவனுக்குச் சூடேற்றுவார்கள், பிள்ளைப்பேற்று வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள். ஒருநாள் கப்பலில் ஒரு நீராவி எஞ்சின் வந்து இறங்குகிறது. நிலக்கரி வாங்குவதைவிட ஓதுநரைக் கூலிக்குப் பிடிப்பது மலிவு என்று கம்பனிக்குத் தெரியவருகிறது. மிச்சக் கதை எல்லாம் அந்த மலிவிலிருந்து பிறப்பதுதான். நாயகி செம்பவளம் காரீயக் கொட்டிலில் கல் (பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட்) தரம் பிரிக்கிறவள். அவளுக்கு மந்திரம் ஒரு வரிகூடத் தெரியாது.

முகத்துறை என்பது கொழும்புதானே?

ஒளிப்பதற்கில்லை, கொழும்புதான். ஆனால் கொழும்பை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. காலத்தைக் கசக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

முதல் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது 1864 டிசம்பர் 27ஆம் திகதி. தண்டவாளம் கண்டியைத் தொட்டது 1867இல். அதுவரை கோப்பி முழுக்க மாட்டு வண்டியில்தான் மலையிறங்கியது. துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டியது 1875 டிசம்பரில். சுவர் முடிந்தது 1885இல். அதற்கு முன் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கொழும்பில் நங்கூரம் போடுவது கப்பல்காரர்களுக்குத் தலையிடி. காலிதான் பெரிய துறைமுகம். மின்விளக்கும் டிராமும் 1890களில்தான் வந்தன. இப்படி ஒரு மனித ஆயுளின் பாதியில் நடந்தவற்றை நாவலில் பத்து வருடத்துக்குள் அடைத்திருக்கிறேன். வரலாற்று ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், இது வேறு உலகம்.

கட்டடங்களில் ஒன்றை மட்டும் கை வைக்காமல் எடுத்துக்கொண்டேன். கோட்டையில் சதாம் வீதி முனையில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் மணிக்கூட்டுக்காகக் கட்டினார்கள். பத்து வருடம் கழித்து அதன் தலையில் விளக்கை வைத்துக் கலங்கரை விளக்கமாக்கினார்கள். சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள் வெளிச்சத்தை மறைக்க, 1952இல் விளக்குக்கு ஓய்வு கொடுத்தார்கள். நடுத்தெருவில் நின்றுகொண்டு ஊருக்கு நேரமும் கப்பலுக்கு வழியும் சொன்ன கோபுரம்! இதற்குமேல் நான் என்ன கற்பனை செய்ய? ஓதுநர்களுக்கு முறை மாறும் நேரத்தை அறிவிக்கும் வேலையை மட்டும் கூடுதலாகக் கொடுத்தேன்.

மந்திரத்துக்கு விதி ஏதாவது உண்டா, நினைத்தபடி எதுவும் நடக்குமா?

விதி உண்டு. நினைத்தபடி எதுவும் நடக்கிற கதையில் யாருக்கும் கூலிப் பிரச்சினை வராது. கூலிப் பிரச்சினை இல்லாவிட்டால் எனக்கு எழுத ஒன்றுமில்லை.

மந்திரம் வெப்பத்தை உண்டாக்காது, இடம் மாற்றும். வாவியிலோ கடலிலோ உள்ள சூட்டை இழுத்துக் கொதிகலனுக்குள் விடும். அப்படி இழுக்கும்போது நூற்றில் ஒரு பங்கு ஓதுகிறவரின் உடம்பிலிருந்து போகும். இந்த ஒரு பங்கைத் தீர்மானிக்கத்தான் அதிகம் மினக்கெட்டேன். கணக்கு விருப்பமில்லாதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டலாம்.

வெறும் 30 பாகை வெப்பத்தில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் நீராவியாக்க ஏறத்தாழ 2,550 கிலோஜூல் வேண்டும். அதில் கொதிநிலைக்குக் கொண்டுவர மட்டும் 300 கிலோஜூலுக்கும் குறைவு. கொதிக்கிற தண்ணீரை ஆவியாக மாற்றத்தான் மிச்சம் அத்தனையும். வளர்ந்த ஒருவர் ஒருநாளில் சாப்பிடுகிற 2,000 கலோரி என்பது ஏறத்தாழ 8,400 கிலோஜூல். அதாவது ஒரு மனிதனின் முழுநாள் சாப்பாட்டையும் எரித்தால் மூன்று லீற்றர் சொச்சம் தண்ணீர்தான் ஆவியாகும். அவ்வளவுதான் நாம். நூற்றில் ஒன்று என்ற விதியைப் போட்டால் அந்த மூன்று லீற்றர் 330 லீற்றராகிறது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஏறத்தாழ 4,000 லீற்றர்; ஒரு சிறிய எஞ்சினின் ஓட்டத்துக்குக் காணும்.

கம்பனியின் கணக்கப்பிள்ளை பன்னிரண்டு பேர் போதும் என்று எழுதிக் கையொப்பமிடுகிறான். கணக்கில் பிழையில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் என்றால் அவர்கள் உடம்பில் மூச்சுவிடவும் நடக்கவும் பிள்ளையைத் தூக்கவும் ஒன்றும் மிஞ்சாது. ஓதுநர்கள் முப்பது பேர் கேட்கிறார்கள். முதற்பாகத்தில் நடக்கிற சண்டை அத்தனையும் பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் இடையில்தான்.

வாவி என்ன ஆகும்?

குளிரும். நாவலின் நாலாம் அத்தியாயத்தில் பட்டப்பகலில் வாவியின்மேல் பனிமூட்டம் படிகிறது. பேரே வாவிக் கரையில் சித்திரை வெயிலில் நின்றபடி அந்தக் காட்சியை நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. மீன் செத்து மிதக்கும், மீனவர்கள் சண்டைக்கு வருவார்கள், ஓதுநருக்கும் மீனவருக்கும் கம்பனியே மத்தியஸ்தம் செய்யும். அதில் வரும் மத்தியஸ்தரைப் போன்றவரை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள்.

நீராவி, எஞ்சின் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. நம்முடைய மந்திரத்தையும் அதையும் ஏன் முடிச்சுப் போடவேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பெரும்பாலும் கொஞ்சம் கோபத்தோடு.

முதலில், உலையும் உலோகமும் நமக்குப் புதிதில்லை. பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவ பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்பு உலைகளின் தடயங்கள் கண்டெடுக்கப்பட்டன. தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் 1990களில் அங்கே ஆராய்ந்து, அதே மாதிரி உலையைக் கட்டி இரும்பும் உருக்கிக் காட்டினார். துருத்தி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவர்மேல் பாய்ந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு களிமண் குழாய்கள் வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. உலை தானாக மூச்செடுக்கிறது. கார்பன் கூடிய உருக்குவரை அதில் கிடைத்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டுவரை அது கொடிகட்டிப் பறந்த காலம். நாவலில் வரும் ‘காற்றுத் தச்சர்’ என்ற கூட்டம் அங்கிருந்து வந்ததுதான். காற்று வீசாத மாதத்தில் அவர்கள் உலை மூட்டமாட்டார்கள். கம்பனிக்கோ பன்னிரண்டு மாதமும் ஓடவேண்டும். இரண்டு தொழிலுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அதில்தான் தெரிகிறது.

இரண்டாவது, மந்திரத்தையும் இயந்திரத்தையும் எதிரெதிராக நிறுத்துவது நம் ஊரில் எடுபடாது. நவராத்திரி முடிவில் மருதானை, பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். இயந்திரத்தின் வாய்க்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமப் பொட்டு. வாழையிலையில் கடலை, அவல், அதன் பக்கத்திலேயே வேர்னியர், ஸ்குரூ கேஜ், தேய்ந்த அரம். ஆயுத பூசையன்று எதையும் ஓட்டமாட்டார்கள். அடுத்தநாள் காலை முதல் சுற்றில் காய்ந்த சந்தனம் தெறித்துச் சுவரில் மஞ்சள் கோடு போடும். முதலாளி அதைத் துடைக்கமாட்டார். புது வாகனம் வாங்கினால் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து ஏற்றாமல் வீதிக்கு எடுக்கிறவர் எத்தனை பேர்? அளவு பார்க்கிற கையும் கும்பிடுகிற கையும் ஒன்றுதான். நான் அதைப் பெரிதாக்கி எழுதினேன், அவ்வளவே.

கம்பனி நிலக்கரியையே எரிக்கலாமே?

இந்தத் தீவில் நிலக்கரி கிடையாது. கப்பலில்தான் வரவேண்டும், கப்பலிலிருந்து வள்ளத்துக்கு, வள்ளத்திலிருந்து தோளுக்கு. கொழும்புத் துறைமுகம் பெயர் எடுத்ததே போகிற வருகிற நீராவிக் கப்பல்களுக்குக் கரி ஏற்றித்தான். நிலக்கரி விளைகிற நாட்டில் கதையை வைத்திருந்தால் ஓதுநரை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

காரீயத்துக்கு ஏன் இத்தனை பக்கம்?

ஏனென்றால் அதைப்பற்றி யாரும் எழுதுவதில்லை. கோப்பி, தேயிலை, இறப்பர் என்று பாடசாலையில் படிக்கிறோம். பென்சில் கூருக்குள் இருக்கிற இந்தக் கறுப்புக் கல்லும் ஒருகாலத்தில் இந்தத் தீவின் பெரிய ஏற்றுமதி. பாறையில் நரம்பு நரம்பாக ஓடுகிற, மிகத் தூய்மையான காரீயம் வணிக அளவில் கிடைப்பது இலங்கையில்தான். கேகாலைப் பக்கம் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ சுரங்கங்கள் இன்றும் இருக்கின்றன. வெளிநாட்டு ஆலைகளில் உருக்கையும் பித்தளையையும் உருக்குகிற மூசைகளுக்கு அது தேவைப்பட்டது. எந்தச் சூட்டுக்கும் அது உருகி ஓடாது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குப் பெரும் கிராக்கி.

சுரங்கத்திலிருந்து கொழும்புக் கொட்டில்களுக்கு வந்ததைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து உடைத்து, பொறுக்கி, தேய்த்து, தரம் பிரித்துப் பீப்பாவில் அடைத்தார்கள். காரீயம் கரியைப்போல் அழுக்காக ஒட்டாது. வழுவழுவென்று உலோகம்போல மினுங்கும். செம்பவளத்தின் கை எப்போதும் வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல இருப்பதாக எழுதியது அழகுக்காக இல்லை. ஒரு துண்டுக் காரீயத்தை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள், தெரியும்.

நாவலில் காரீயத்துக்கு ஒரு குணத்தைச் சேர்த்தேன்: அதன் முன்னால் திரும்பத் திரும்ப ஓதினால் குரல் அதற்குள் ஊறிவிடும். ஊறிய கல்லைக் கொதிகலனுக்குள் வைத்தால் ஓதுநர் இல்லாமலே வேலை நடக்கும். இதைக் கம்பனிக்கு முதலில் யார் சொல்வது என்பதில் இரண்டாம் பாகம் தொடங்குகிறது.

மந்திரங்கள் என்ன மந்திரங்கள்? தேவாரமா, வேதமா?

இரண்டுமில்லை. எந்தச் சமயத்தாரும் வாயில் எடுக்கிற வரி ஒன்றும் நாவலில் கிடையாது. ஓதும் இடங்களில் அசை எண்ணிக்கையையும் மூச்சையும் மட்டும் விவரித்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்த அயலவர்களோடு நல்லுறவில் இருக்க விரும்புகிறேன்.

சித்தர்கள் வருவார்களா?

ஒரே ஒருவர். பாதரசத்தைக் கட்ட முயன்று பல்லெல்லாம் போன கிழவர். ரசவாதம் என்றவுடன் செம்பு பொன்னாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்ததாகச் சொன்னார்கள். தங்கம் மலிந்தால் செட்டியார் தெருவில் என்ன நடக்கும் என்று வேறு யாராவது ஒரு நாவல் எழுதட்டும், நான் முதல் ஆளாக வாங்குகிறேன்.

‘பரணி’ என்று ஏன் பெயர்?

ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனுக்குப் பாடுவது பரணி என்பது இலக்கணம். எனக்கு யானையைவிடப் பரணியில் வரும் பேய்களைப் பிடிக்கும். போர் முடிந்த களத்தில் அவை கூடிக் கூழ் சமைக்கும்: யானைத் தலை அடுப்பு, ஆயுதங்கள் விறகு, ஆளுக்கொரு வேலை, பங்கு பிரிப்பதில் நேர்த்தி. தமிழில் ஒரு தொழிற்சாலையின் வர்ணனை வேண்டுமென்றால் அதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது. பசித்த கூட்டம் ஒன்று முறைவைத்து வேலை செய்வதை அவ்வளவு கூர்மையாகப் பழைய இலக்கியத்தில் வேறெங்கும் நான் வாசிக்கவில்லை.

பரணிக்குத் தோற்ற பக்கத்தின் பெயரை வைப்பதுதான் மரபு என்று சில தமிழாசிரியர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சொன்ன ‘ஓரிடம்’ இதுதான்.

மலையகத் தொழிலாளர்களின் பாடுகளை மாயக் கதையாக்குவது சரியா?

இதற்கு அவசரமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை.

கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காடு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களைக் கங்காணியின் கடன் பிடித்துக்கொண்டது. பிறகு துண்டு முறை வந்தது: இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

இதில் மாயம் சேர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். துயரத்தை அலங்கரிக்க நான் மாயத்தைப் பயன்படுத்தவில்லை. அந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனத்தைக் காட்டத்தான் பயன்படுத்தினேன். நாவலில் கங்காணி ஓதுநரின் மந்திரத்திலிருந்து ஓர் அசையை எடுத்துச் செப்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறான். அந்த அசை இல்லாமல் அவர் வேறெங்கு போய் ஓதினாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. சங்கிலி இல்லை, காவல் இல்லை, ஆள் எங்கும் போகலாம். துண்டும் அப்படித்தான் வேலை செய்தது: கடுதாசி என்பதால் அது சங்கிலியாகத் தெரியவில்லை. அட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாசகர், தன் பாட்டி சொன்ன கதைகளில் இந்தப் பெட்டி மட்டும்தான் இல்லை என்றார். வேறு ஒருவர், மலையக மக்கள் தங்கள் கதையைத் தாங்களே நேராக எழுதிக்கொண்டிருக்கும்போது கொழும்பிலிருந்து இது எதற்கு என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். இரண்டாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர்கள் எழுதியவற்றை முதலில் வாசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் உண்மையிலேயே வேலைநிறுத்தம் நடந்ததா, அதுவும் கற்பனையா?

நடந்தது. 1893இல் கொழும்பில் அச்சகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1906இல் மாநகர விதியொன்றை எதிர்த்து வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே சாமான் அசையவில்லை. 1912இல் புகையிரதப் பட்டறைக்காரர்கள். எங்கள் பழைய தெருக்களில் நடக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை, ஒரு பலகைகூட இல்லை.

நாவலில் ஓதுநர்கள் செய்வது வாய்க்கட்டு. கல்லெறி இல்லை, ஊர்வலம் இல்லை, வேலைக்கு நேரத்துக்கு வந்து வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். வேலைக்கு வராதவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. வந்து பேசாமலிருப்பவனை என்ன செய்வது என்று நீதவானுக்கே தெரியவில்லை. அந்த விசாரணைக் காட்சியை எழுதும்போது மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

இனப்பிரச்சினையின் உருவகமா இது?

இல்லை. இந்த நாட்டில் தமிழில் எது எழுதினாலும் இந்தக் கேள்வி வரும், அதனால் கேட்டவரைக் குறைசொல்லமாட்டேன். முகத்துறையில் இரண்டு மொழி பேசுகிறார்கள். ஒருவர் ஒன்றில் கேட்க மற்றவர் மற்றதில் பதில் சொல்வார். கொழும்பில் வளர்ந்தவருக்கு அதில் உருவகம் தேடவேண்டியதில்லை, பஸ்ஸில் ஏறினாலே போதும்.

உரையாடல் ஏன் ஒரே மாதிரி இல்லை? சில இடம் யாழ்ப்பாணம்போல, சில இடம் வேறு மாதிரி.

துறைமுக நகரத்தில் ஒரே தமிழ் பேசினால் அதுதான் செயற்கை. கணக்கப்பிள்ளை ‘என்ன கதைக்கிறியள்’ என்பான், கரி வள்ளத்துக்காரர் ‘என்னா பேசுறீங்க’ என்பார், செட்டியார் வீட்டு ஆச்சி வேறு மாதிரி. செம்பவளம் ஆளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வாள். யாரைத் ‘துரை’ என்பது, யாரை ‘ஐயா’ என்பது, யாரை வெறும் ‘தம்பி’ என்பது என்று அவள் யோசிக்கிற இடங்களைக் கவனித்தால் கதையின் அதிகாரக் கணக்கு முழுவதும் கிடைத்துவிடும்.

பிள்ளைகள் வாசிக்கலாமா?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் தாராளமாக. கொதிகலன் வெடிக்கும் அத்தியாயம் கடுமையானது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். இரும்பு கிழிந்தால் அதற்குப் பிறகு மென்மையாக எழுத வழியில்லை.

வரைபடம் ஏன் இல்லை?

வரையத் தெரிந்த ஒருவர் கிடைக்கவில்லை. விருப்பமுள்ளவர் தொடர்புகொள்ளலாம், சன்மானம் உண்டு, ஓதுநர் கூலி இல்லை.

நாவலில் வருவதை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

கோட்டைக் கோபுரத்தை முன்பே சொன்னேன். கடுகண்ணாவையில் புகையிரத அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும். அங்கே புகையிரதத்தில் போனால் இன்னும் நல்லது. 45 அடிக்கு ஓரடி ஏறுகிற அந்த மலைப்பாதையில் எஞ்சின் முக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் குன்று ஏறும் அத்தியாயத்தை எழுதினேன். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை 1877இல் திறந்தார்கள். வார நாளில் போங்கள், விடுமுறை நாளில் பாடசாலைப் பிள்ளைகள் நெரிசல்.

இரண்டாம் பாகம் எப்போது? டிராம் வருமா?

எழுதிக்கொண்டிருக்கிறேன். டிராம் வரும், மின்சாரமும் வரும். கோப்பி இலையில் துருப்போல ஒரு புள்ளியும் வரும். 1869இல் இங்கே அப்படியொரு நோய் பரவிச் சில வருடங்களில் கோப்பித் தொழிலையே தின்று தீர்த்தது. ஆனால் முகத்துறையில் அந்தத் துரு ஒட்டுவது இலையில் மட்டுமில்லை. செம்பவளம் சாவாளா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: எனக்கும் இன்னும் முடிவாகவில்லை, தொந்தரவு செய்யாதீர்கள்.